ஒற்றையா, இரட்டையா?

இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு வரும் நம் கல்லூரித் தம்பிகள் என்னிடம் தவறாமல் கேட்பது: "லாரிக்குப் பின்னாடி மட்டும் ஏன் சார் ஜோடி டயர்?"

பதில் 1908-இல் இருக்கிறது. அக்காலத்துக் காற்றடைத்த டயர் ஒன்றால் கனரக வண்டியின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. அவை பெரும்பாலும் கெட்டி ரப்பரில்தான் ஓடின. பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் அந்த ஆண்டு இரண்டு சக்கரங்களை ஜோடி சேர்த்தது. பாரம் பிரிந்தது.

அதே மிஷலின்தான் 2000-இல் 'எக்ஸ் ஒன்' என்ற அகன்ற ஒற்றை டயரை வட அமெரிக்காவில் இறக்கி, ஜோடியைப் பிரித்தது. நாலு பக்கச்சுவருக்குப் பதில் இரண்டுதான். உருளும்போது வளைந்து நிமிர்வதில் வீணாகும் சக்தி குறைவு, எடை குறைவு, டீசல் மிச்சம். ஆனால் பஞ்சரானால் தாங்கிக்கொள்ள பக்கத்து டயர் கிடையாது.

வண்டிக்காரருக்கு லாபம், சரி. ரோட்டுக்கு? ஐரோப்பிய நாடுகள் கூட்டாக நடத்திய 'காஸ்ட் 334' ஆய்வு 2001-இல் பதில் சொன்னது: அதே பாரத்துக்கு, ஒற்றை டயர் தார்ச்சாலையில் இரட்டையைவிட ஆழமாகப் பள்ளம் பதிக்கிறது, டயரின் அகலம் கூடக்கூட அந்த வித்தியாசம் குறைகிறது.

டீசல் மிச்சம் ஒருவருக்கு. ரோடு செலவு ஊருக்கே. தம்பிகளே, நாளை இந்தத் தேர்வு உங்கள் மேஜைக்கு வரும்போது இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்!