மண்டபமும் சந்தையும்



கோபர்கைரனே நிலையத்தில் பன்வேல் செல்லும் ரயிலேறினால் அடுத்து வருவது துர்பே. மொத்த வியாபாரச் சந்தைக்கு அங்கே இறங்குவார்கள். மேலும் சில நிலையங்கள் கடந்து பேலாப்பூரை அடைந்தால் நவி மும்பை மாநகராட்சியின் மாளிகையைக் காணலாம். 2014இல் திறக்கப்பெற்ற அது, பெரிய குவிமாடமும் 225 அடி உயரக் கொடிமரமுமாக நிமிர்ந்து நிற்கிறது. சுற்றிலும் அகன்ற சாலைகள். கடைவீதி இல்லை, கூடைக்காரியின் குரல் இல்லை. சபை ஓரிடத்தும் சந்தை ஓரிடத்துமாகப் பிரிந்தது எவ்வாறு?

பண்டை வழக்கம் வேறு. புகாரின் நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே மரநிழலில் கூடிற்று என்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். கடற்கரைத் தொழிலாளரும் அரண்மனை வட்டாரத்தாரும் அங்கே எதிர்ப்பட்டிருப்பார்கள் அன்றோ?

பழைய பம்பாயும் அப்படித்தான். 1833இல் கட்டி முடிந்த டவுன் ஹாலின் அகன்ற படிகளில் நின்று நோக்கினால், எதிரே பம்பாய் கிரீன் என்ற திடலில் பஞ்சுப் பொதிகள் மலைபோல் குவிந்திருக்கும். 1844இல் பஞ்சு வியாபாரம் கொலாபாவுக்கு அகன்றது. ஆயினும் வியாபாரம் மண்டபத்தை விட்டுவிடவில்லை. 1850களில் பங்குத் தரகர் சிலர் அதன் எதிரே ஆலமரத்தடியில் கூடிப் பேரம் பேசலாயினர். பின்பு இடம் மாறி மாறிச் சென்று, 1875இல் சங்கமாக அமைந்தனர். பம்பாய்ப் பங்குச் சந்தையின் பிறப்பு அது. பஞ்சு குவிந்த திடல் இன்று ஹார்னிமன் வட்டத்தின் பூங்கா. மாநகராட்சிக்கோ, 1893இல் விக்டோரியா டெர்மினஸ் எதிரே தனி மாளிகை எழுந்தது.

புது நகரின் கதைக்கு வருவோம். 1965இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் மூவரும், நெருக்குண்ட பம்பாய்க்குக் கடற்கழியின் மறுகரையில் மாற்று நகர் வேண்டும் என்று எழுதினர். 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றியது. வயலும் உப்பளமும் மனைகளாயின. 1980களின் தொடக்கத்தில் வெங்காய, உருளைக்கிழங்குச் சந்தை கழியைக் கடந்து வந்தது. தானியமும், கனியும், காய்கறியும் 1990களில் தொடர்ந்தன.

மூட்டைகள் வந்தால் அவற்றைச் சுமக்கும் தோள்களும் வரவேண்டுமே! மராத்தியில் மாத்தா என்றால் தலை. தலைச்சுமையாளரை மாத்தாடி என்பர். அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களைச் சங்கமாக்கிப் போராடினார். 1969இல் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. சந்தை இடம் பெயர்ந்தபோது அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்த ஊர்களுள் கோபர்கைரனே முக்கியமானது. இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் மாளிகையிலிருந்து தொடங்கலாகாது. மூட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏனெனில், சந்தை வந்து பத்தாண்டு சென்ற பின்னரே, 1992இல், மாநகராட்சி அமைந்தது. மக்கள் தேர்ந்த முதல் சபை 1995இல் கூடியது. அதுவரை தெருவும் குழாயும் சிட்கோவின் பொறுப்பு. வாக்களித்துக் கேள்வி கேட்க வழியில்லை. மாளிகை எழுந்த பிறகேனும் குறை தீர்ந்ததா? 2020இல் சபையின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறாமல், ஆணையரே நிர்வாகியாக இருந்து ஆண்டார். அத்தனை பெரிய மாளிகையில் உறுப்பினர் ஆசனங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன.

அவ்வாண்டுகளிலும் துர்பேயில் லாரிகள் விடியுமுன் வந்து நின்றன. கோபர்கைரனேயின் மாத்தாடிகள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு இறக்கப் போனார்கள்.