பண்டிதர் எழுத்து எங்கே அச்சானது?

தோழர்களே, ஒரு நூல் என்ன சொல்கிறது என்று நாம் நிறையப் பேசுகிறோம். அதை யார் அச்சிட்டார்கள் என்று கேட்பது குறைவு.

1812இல் சென்னையில் தொடங்கிய கோட்டைக் கல்லூரிக்குச் சொந்தமாக அச்சகம் இருந்தது. அதன் பின்னால் நின்றவர் எல்லிஸ். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகவே திருக்குறள், நாலடி நானூறு ஏடுகள் எல்லிஸ் கைக்குப் போய் அச்சேறின என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். இதற்குச் சான்று உண்டா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். மற்ற ஏடுகள் யார் வீட்டிலிருந்து வந்தன என்பதற்கு இதே கறாரோடு சான்று கேட்டதை நாம் பார்த்ததில்லை.

பண்டிதருக்கு எந்தக் கல்லூரி அச்சகமும் கிடைக்கவில்லை. 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் மறையும் வரை வாராவாரம் எழுதினார். இந்திரர் தேச சரித்திரம் அதில்தான் தொடராக வந்தது.

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அரசு நிதியுதவியோடு தமிழ் லெக்சிகனை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், பெரும்பணி, மறுப்பதற்கில்லை. அதே காலத்தில், 1926இல், கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னை மீண்டும் தொடங்கினார். அதைத் தாங்கியவர்கள் சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் மக்கள். பண்டிதரின் சிறு நூல்களை மறுபதிப்புச் செய்ததும் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான். லெக்சிகன் நூலகங்களின் அலமாரிக்குப் போனது. 'தமிழன்' பழைய தாள்களாக வீடுகளில் தங்கியது. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எது வரும், எது வராது என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

அன்பு பொன்னோவியம் போன்றோர் அந்தத் தாள்களைச் செல்லரிக்க விடாமல் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக வந்தது, மூன்றாவது 2003இல். வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அந்த நன்றிக்கடன் நமக்கு என்றும் உண்டு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இலக்கணமும் வரலாறும் பௌத்தமும் எழுதிய ஒரு பண்டிதரை அச்சிடத் தமிழ்த்துறை வரவில்லை, வரலாற்றுத்துறை வரவில்லை. நாட்டார் வழக்காறு என்ற வாசல் வழியாகத்தான் அவர் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது.

தொகுதிகள் பொருள்வாரியாக அமைந்தவை. தேடுவதற்கு அது வசதி. ஆனால் ஒரே வாரத்தில் அரசியலும் மருத்துவமும் குறள் உரையும் அடுத்தடுத்து வந்த அந்த நான்கு பக்கத் தாளின் வேகம் அதில் தெரியாது. மாணவர்கள் மூல இதழையும் பார்க்க வேண்டும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' இதழைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். முழுத் தொகுப்பாக அதை யாரும் படித்ததில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.