காய்ச்சல் விட்ட பிறகு



கவாசாகி என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு பைக்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது டோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவரைப் பற்றி. என்னிடம் படித்தவர்களில் சிலர் பேரப்பிள்ளையே எடுத்துவிட்டீர்கள். அதனால் நீளம் பார்க்காமல் படியுங்கள்.

1961 ஜனவரியில் டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நாலேகால் வயதுப் பையன் ஒருவன் வந்தான். விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி பழம் போல நாக்கு, உடம்பெல்லாம் தடிப்பு, வீங்கிய கைகால். எந்த நோய் என்றே தெரியவில்லை. பையன் தேறி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் அதே மாதிரி இன்னொரு குழந்தை. கவாசாகி விடவில்லை, ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் கட்டுரை எழுதினார். பின்விளைவு இல்லாமல் தானே ஆறிவிடும் நோய் என்பதுதான் அப்போது அவர் முடிவு.

ஆனால் 1965லேயே நோபோரு தனாகா என்ற மருத்துவர், இதே நோய் வந்து இறந்த ஒரு குழந்தையின் உடலை அறுத்துப் பார்த்திருந்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. 1970இல் ஜப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோது இப்படி 10 மரணங்கள் தெரியவந்தன. காய்ச்சல் விட்டு, தேறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு திடீரென்று நின்றுபோன இதயங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தமனியின் சுவர் அழற்சியால் பலம் இழக்கிறது. பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைக்குமே, அப்படிப் புடைக்கிறது. புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கி உறைகிறது. 3 வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு வருகிறது. 1871இலேயே லண்டனில் சாமுவேல் ஜீ என்பவர் 7 வயதுச் சிறுவனின் இதயத்தில் இந்தப் புடைப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். அன்று அதற்குப் பெயர் இல்லை.

நம் ஜோலார்பேட்டைப் பக்கம் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் அம்மை என்று வேப்பிலை வைத்துவிடுவோம். 'அம்மை போட்டிருக்கிறது' என்று ஒன்றாம் வகுப்புக்கு வந்த விடுப்புக் கடிதங்கள் எத்தனையோ. அதில் எது உண்மையில் அம்மை என்று எந்த ஆசிரியருக்குத் தெரியும்? ஏழெட்டு நாளில் காய்ச்சல் விட்டால், "இனி எதுக்குக் காட்பாடிக்கு டிக்கெட்டு" என்போம். இந்த நோயில் விரல் நுனித் தோல் உரிவதே இரண்டாம் வாரத்தில்தான். தமனி புடைக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டிய நாட்களும் அவைதான்.

மருந்து இருக்கிறது. 1984இல் ஜப்பானில் புருஷோ என்பவர் இம்யூனோகுளோபுலினை ஊசிவழி செலுத்திப் பலன் கண்டார். 1986இல் அமெரிக்காவிலும் அது உறுதியானது. சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குத் தமனி கெடும். முதல் 10 நாளுக்குள் கொடுத்தால் நூற்றில் நாலைந்து பேராகக் குறைகிறது. மருந்து விலை அதிகம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தியாவில் இது 1977லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் 1994 முதல் தொடர்ந்து கணக்கு வைக்கிறார்கள். தேடத் தேட எண்ணிக்கை கூடியது. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்திருந்தால், "டாக்டர், இது கவாசாகியா இருக்குமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

2020இல் கொரோனாவுக்குப் பின் சில குழந்தைகளுக்கு இதைப் போலவே ஒரு அழற்சி வந்தது. சென்னையில் 8 வயதுச் சிறுவன் ஒருவனும் அப்படி வந்து, இதே இம்யூனோகுளோபுலினும் வேறொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பிழைத்தான். அதே வருடம் ஜூன் 5ஆம் தேதி கவாசாகி தம் 95ஆம் வயதில் காலமானார். நோய் எதனால் வருகிறது என்பது அவர் இருந்தவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இன்றும் இல்லை.