இருநூறு சொற்களுக்கு ஒரு சான்றிதழ்: வங்காளமும் ஆங்கிலச் சொல்வளமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒருவரின் ஆங்கிலப் புலமை, அவர் அறிந்த சொற்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. இன்னார் இருநூறு சொற்கள் கற்றிருக்கிறார், இன்னார் முந்நூறு சொற்கள் கற்றிருக்கிறார் என்று செராம்பூர் மிஷனரிமார் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகச் சிவநாத் சாஸ்திரி பதிவு செய்கிறார். ராம்தனு லாகிரியையும் அவர் காலத்து வங்கச் சமூகத்தையும் பற்றி அவர் 1904இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி காணப்படுகிறது. சாஸ்திரி 1847இல் பிறந்தவர் ஆதலால் இது அவர் கண்ட காட்சியன்று; முந்தைய தலைமுறையின் நினைவு. ஆயினும் அந்நினைவு கூறும் விவரங்கள் நுட்பமானவை. வாக்கிய அமைப்பில் எவரும் கருத்துச் செலுத்தவில்லை. அகராதியை மனப்பாடம் செய்தவர்கள் பெரும்புகழ் பெற்றனர். ஆங்கிலச் சொல்லையும் அதன் வங்கப் பொருளையும் அடுத்தடுத்து வைத்துச் செய்யுளாக்கிச் சிறுவர்கள் ஓதினர். அத்தகைய ஒரு செய்யுளில் தத்துவ ஞானியும் உழவனும், பூசணியும் வெள்ளரியும் ஒருங்கே இடம்பெற்றனர். எதுகை அமைந்தால் போதும் என்பதே அங்கு விதி.

இம்முறையைப் பேதைமை என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. வடமொழிப் பாடசாலையில் அமரகோசத்தை ஓதியே மாணவர் மொழிக்குள் நுழைந்தனர். தமிழில் நிகண்டுகள் செய்த பணியும் இதுவே. ஆனால் நிகண்டு கற்ற மாணவனுக்கு அடுத்த படியில் காவியம் காத்திருந்தது. ஓதிய சொல் அங்கே உயிர் பெற்றது. கல்கத்தாச் சிறுவனுக்கு அடுத்த படியில் காத்திருந்தது கம்பெனியின் கிடங்கும் கணக்குப் பேரேடும் மட்டுமே. பழைய கல்விமுறையின் முதற்படி மட்டும் புதிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. எஞ்சிய படிகள் பெயர்க்கப்படவில்லை.

1793இல் அப்ஜான் வெளியிட்ட சொற்கோவையும், 1799இலும் 1802இலும் இரு பகுதிகளாக வந்த ஃபார்ஸ்டரின் சொற்கோவையும் இத்தேவையை ஒட்டி எழுந்தவை. அவற்றின் உச்சம் ராம்கமல் சென் 1834இல் வெளியிட்ட ஆங்கில-வங்க அகராதி. ஜான்சனின் அகராதியை டாட் திருத்திய பதிப்பே அதன் மூலம். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகத் தொடங்கி அரசு நாணயச் சாலையின் திவானாக உயர்ந்த சென்னின் வாழ்வே, சொற்கள் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் ஏற்றிவிடும் என்பதற்குச் சான்று. இங்கு ஒரு முரணையும் குறிக்க வேண்டும். 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரியில், விவாதத்தின் வழியாக ஆங்கிலத்தை மாணவரின் சிந்தனை மொழியாக்கிய ஆசிரியர் டெரோசியோ. அவரை 1831இல் அக்கல்லூரியிலிருந்து விலக்குவதில் முன்னின்றவர்களுள் இதே சென்னும் ஒருவர். காரணம் சமயம் சார்ந்தது, மொழி சார்ந்ததன்று. எனினும் ஆங்கிலத்தைக் கற்கும் இருவேறு வழிகள் அன்று ஒரே கூடத்தில் எதிரெதிராக நின்றன.

1835இல் பெண்டிங்கின் தீர்மானம் வந்தது; 1837இல் பாரசீகம் ஆட்சிமொழி என்ற இடத்தை இழந்தது; 1844இல் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என ஹார்டிஞ்ச் அறிவித்தார். சொல்லின் விலை உயர்ந்தது. அரிய சொற்களை அறிந்தவரே கற்றவர் என்னும் எண்ணம் வேரூன்றியது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அனுகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய மருமகன் முறை உறவினர் ஒருவர் 1873இல் ஆங்கிலத்தில் எழுதினார். மரபுத்தொடர்களும் லத்தீன், பிரெஞ்சுச் சொற்களும் நெருக்கியடித்த அந்நூல் இங்கிலாந்தில் நகைப்புக்கு இரையாயிற்று. ‘பாபு ஆங்கிலம்’ என்பது ஒரு வசைச்சொல்லாக நிலைத்தது. 1897இல் ஆன்ஸ்டி என்னும் எழுத்தாளர் பாபு ஜாபர்ஜி என்ற பாத்திரத்தைப் படைத்து அந்நகைப்பை நூலாகவே விற்றார். அரசுப் பணிக்கு ஆங்கிலத்தை வாயிலாக்கியதும், அவ்வாயிலில் நின்றவன் கொணர்ந்த சொற்களைக் கண்டு சிரித்ததும் ஒரே பேரரசு. ஜாபர்ஜியைப் படித்துச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் வங்க மொழியில் இருநூறு சொற்கள் அறிந்திருப்பார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

இவ்வரலாற்றின் திருப்பம் டாக்காவில் நிகழ்ந்தது. அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்காளத்தின் இருமொழிச் சூழலைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். அவரை உறுத்திய செய்தி எளியது: ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இடையிலேயே பள்ளியை விட்டு விலகுகின்றனர்; அப்படி விலகுவோர் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டை நடுவில் முறிப்பவருக்குக் கிடைக்கும் ‘சரண் மதிப்பு’ என்னும் கருத்தை அவர் கல்விக்குக் கொணர்ந்தார். எந்த வகுப்பில் விலகினாலும் அதுவரை கற்றது பயன்பட வேண்டும் என்றால், மிகுதியாக வழங்கும் சொற்களே முதலில் வர வேண்டும். பாடநூல்களில் ‘தீவு’ என்பதற்கு வந்த ‘ஐல்’, ‘முன்னர்’ என்பதற்கு வந்த ‘எர்’ போன்ற இலக்கியச் சொற்களை நீக்கி, எங்கும் வழங்கும் சொற்களை அவ்விடத்தில் வைத்தார். 1935இல் அவர் தொகுத்த அகராதி, சுமார் 24,000 பதிவுகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் அவர் பெயரில் வெளிவந்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது.

வெஸ்ட்டின் பணியிலும் கேள்விக்குரிய இடம் உண்டு. எந்தச் சொல் மிகுதியாக வழங்குவது என்பதை முடிவு செய்த எண்ணிக்கைகள் ஆங்கில, அமெரிக்க நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. படகும் நெல்லும் சூழ்ந்த கிழக்கு வங்கச் சிறுவனின் உலகம் அக்கணக்கில் சேரவில்லை. ஆயினும் சான்றிதழ் கேட்ட ‘எத்தனை சொற்கள்’ என்னும் வினாவை ‘எந்தச் சொற்கள்’ என மாற்றியதில் டாக்காவுக்குப் பெரும் பங்குண்டு.

2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் கல்விப்புலச் சொற்பட்டியலை வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் 35 இலட்சம் சொற்கள் கொண்ட எழுத்துத் தொகுப்பிலிருந்து 570 சொற்குடும்பங்களை அவர் பிரித்தெடுத்தார். வெஸ்ட்டின் 2,000 சொற்களை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றிலிருந்தே அவர் தேர்ந்தார். ஆகவே இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் ‘உயர்நிலைச் சொல்’ என்று கற்பிப்பதன் எல்லைக்கோட்டில் ஒரு முனை டாக்காவின் வகுப்பறையில் ஊன்றப்பட்டது. அப்பட்டியலில் இருப்பவை அனலைஸ், அஸ்யூம், கான்டெக்ஸ்ட், டிரைவ் போன்றவை. போட்டித் தேர்வு மாணவர் எவரும் இவற்றை அரியவை என எண்ணித் தனி ஏட்டில் குறித்து வைப்பதில்லை. ஆனால் கல்விசார் ஆங்கில எழுத்தில் பத்தில் ஒரு பங்கு இத்தகைய சொற்களே.

அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு, எதிர்ச்சொல் வினாக்களை 2011இல் கைவிட்டது. அரிய சொற்களின் நீண்ட பட்டியல்களை ஓதுவதற்கு ஊக்கமளித்து வந்த வினாவகை அது. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இந்திய நகரங்களின் நடைபாதைக் கடைகளில் இன்றும் முன்வரிசையிலேயே இருக்கிறது.