மேசை விரிப்பின் ஓரத்தில் ஒரு வரலாறு

பழைய மேசை விரிப்பு ஒண்ணு கையில் கிடைத்தால் எல்லாரும் நடுவில் உள்ள பூவேலையைத்தான் பார்ப்போம். இந்தமுறை அதன் ஓரத்தைப் பாருங்க. திருநெல்வேலிச் சீமையின் ஒரு கதை அங்கேதான் இருக்கு.

கால்டுவெல் என்றதும் நமக்கு 1856-இல் வந்த ஒப்பிலக்கணம் நினைவுக்கு வரும். 1841-இல் தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடிக்கு வந்தவர் அவர். 1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். எலைசா இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை அவருக்குத் தாய்வீட்டுச் சீதனம். அவருடைய அம்மா மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் அதை முன்பே தொடங்கியிருந்தார்.

இது ஊசித் தையல் இல்லை. குரோஷாவும் இல்லை. குரோஷாவில் ஒரே நூல், ஒரு கொக்கி ஊசி, கண்ணி கண்ணியாகப் போகும். இதிலோ கெட்டியான திண்டின் மேல் மாதிரி வரைந்த தாளை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி, முறுக்கிப் பின்னுவார்கள். உற்றுப் பார்த்தால் நெசவு மாதிரியே தெரியும்.

சரி, இதில் வரலாறு எங்கே? அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855 வரை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த கூலியைச் சேர்த்து, சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அதே ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மாரை மறைக்கும் உரிமைக்காக 1859 அரச ஆணை வரும்வரை போராட வேண்டியிருந்தது. யோசிச்சுப் பாருங்க: தன் மேல்சேலைக்கு அனுமதி இல்லாத ஊரில் இருந்துகொண்டு, வெள்ளைக்காரர் வீட்டு மேசைக்கும் கைக்குட்டைக்கும் ஓரம் பின்னியிருக்கிறார்கள்.

மிஷனைப் புகழ்ந்து முடித்துவிடலாம். மதம் மாற்றும் தந்திரம் என்று ஒதுக்கியும் விடலாம். எனக்கு இரண்டுமே போதவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பெயர் தெரியும். விரல் நோகப் பின்னி, காசு சேர்த்து, தன்னைத் தானே மீட்டவள் பெயர் தெரியவில்லை. லேஸில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு துணி இருந்தால், ஆச்சி இருக்கும்போதே கேட்டுவிடுங்க, யார் பின்னியது என்று. பெயரை ஒரு தாளில் எழுதித் துணியோடு வையுங்க.