கான்பூரில் தொடங்கிய கணிப்பொறிப் படிப்பு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கணிப்பொறியியல் தனிப் படிப்பாக உருப்பெற்ற வரலாற்றைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ஐபிஎம் 1620 என்னும் கணிப்பொறியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அதற்கு முன்பே கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் கணிப்பொறிகள் இயங்கின என்றாலும், அவை ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளைப் போட்டுத் தரும் கருவிகளாகவே இருந்தன. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக உதவிய கான்பூரில்தான், பொறியியல் மாணவர் எவரும் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்ற எண்ணம் பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது.

அந்த 1620 இன்றைய வாசகருக்கு விந்தையான பொறி. கூட்டுவதற்கென்று அதற்குள் மின்சுற்று கிடையாது. தொடக்கப்பள்ளிப் பிள்ளை வாய்பாட்டைப் பார்த்து விடை சொல்வதுபோல, நினைவகத்தில் ஏற்றி வைத்த கூட்டல், பெருக்கல் அட்டவணைகளைப் பார்த்தே அது விடை கண்டது. பிழையான நிரல் ஒன்று அந்த அட்டவணையின்மேல் வேறு எண்ணை எழுதிவிட்டால், அதன்பின் போடும் கணக்கெல்லாம் தப்பாகும். மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில், அதாவது அறிவியல் கணக்குகளுக்கென ஐபிஎம் உருவாக்கிய நிரல்மொழியில் எழுதியதை, வரிக்கு ஓர் அட்டையாக, 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அடுக்குக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் அந்த அட்டையை மறுபடி துளையிட வேண்டும். நிரலை முதலில் தாளில் சரிபார்த்துவிட்டே பொறியை அணுகும் கட்டுப்பாடு அந்தத் தலைமுறைக்கு இவ்வாறு வாய்த்தது.

ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், எச். என். மகாபலா முதலியோர் அங்கே கற்பித்ததோடு, நாட்டின் பிற கல்லூரிகளிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் வந்தவர்களுக்குப் பத்து நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. 1965இல் மின்பொறியியல் துறைக்குள்ளேயே கணிப்பொறியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.டெக். தொடங்கியது. இளநிலைப் பட்டம் வர இன்னும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. மேற்படிப்பு முந்திக்கொண்டதால், தொடக்க காலத்தில் இத்துறைக்கு வந்தவர்கள் அனைவரும் வேறொன்றைப் படித்துவிட்டு வந்தவர்களே. 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐபிஎம் 370 சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தபோது, மகாபலாவும் கான்பூரை விட்டுச் சென்னைக்கு வந்தார்.

இப்படிப்பை முடித்தவர்களுக்கு அன்று வேலை எங்கிருந்தது என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. ஆராய்ச்சி நிலையங்கள், ஐதராபாதில் 1967இல் தோன்றிய மின்னணுக் கழகமான இ.சி.ஐ.எல்., 1968இல் தோன்றிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், இவை இல்லையென்றால் அமெரிக்கா. அலுவலகங்களில் கணிப்பொறி புகுந்தால் எழுத்தர் வேலை போய்விடும் என்று ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் 1960களில் போராடிய காலம் அது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் வேலையே அரிதாயிருந்த நாட்டில் அது நியாயமான கணக்கு. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைக்கு உடன்படாமல் 1978இல் ஐபிஎம் வெளியேற, அதன் பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது, அந்நிறுவனமே 1986இல் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணிப்பொறிமயமாக்கியது. அலுவலகம் தேடிப் போகாத பொதுமக்கள் கணிப்பொறியின் பயனை நேரில் கண்டது ஏறக்குறைய அந்தக் கவுன்ட்டர்களில்தான்.

வேலைவாய்ப்பின் வரலாற்றில் தொழில்நுட்பக் கழகங்களுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு எம்.சி.ஏ. என்னும் கணிப்பொறிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்புக்கே சேர வேண்டும். பொறியியல் இடங்கள் மிகக் குறைவு, தேவையோ பெருகும் என்று கண்ட ராஜாராமன் தலைமையிலான குழு, பிற இளநிலைப் பட்டதாரிகளும் சேரக்கூடிய மூன்றாண்டு முதுநிலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. 1982இல் அது தொடங்கியது. நிரலாக்கத்துடன் கணக்குப்பதிவியலும் நிர்வாகமும் கற்பித்து, கடைசிப் பருவத்தை நிறுவனமொன்றில் செய்முறைத் திட்டப்பணிக்கு ஒதுக்கிய அமைப்பு, வங்கி, காப்பீடு போன்ற வணிக நிரல்களுக்கு ஆள் தேடிய நிறுவனங்களின் தேவையோடு நேராகப் பொருந்தியது. பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ படித்து, ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழி காணாதிருந்த தமிழக மாணவர் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, 1990களில் மென்பொருள் நிறுவனத்தின் வாயில் திறந்தது இதன் வழியாகவே. 2000ஆம் ஆண்டையொட்டித் தேதிக் குறியீடுகளைத் திருத்த மேலைநாட்டு நிறுவனங்கள் ஆள் தேடியபோது, அவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே வேலையில் இருந்தனர்.

பி.சி.ஏ.வும் பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியலும் ஊர்தோறும் பரவி, அடிப்படைப் பாடங்களை இளநிலையிலேயே முடித்து வருவோர் மிகுந்த பின்னர், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2020-21 கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ.வை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது.