சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன தெருக்கள்

தார்ச்சாலையை விட்டு விலகி மண் சாலையிலும் கப்பி ரோட்டிலும் சைக்கிள் மிதிப்பது இப்போது ஒரு விளையாட்டாகிவிட்டது. ‘கிராவல் சைக்கிளிங்’ என்று பெயர். அகலமான டயர், வளைந்த ஹேண்டில்பார், ஆயிரக்கணக்கில் தொடங்கி லட்சங்கள் வரை விலை. திருவண்ணாமலை வட்டாரம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை. அங்கிருந்து வெளியே திரும்பினால் மணிலாக் கொல்லைகள், ஏரிக்கரைகள், பாறைக் குன்றுகள், சின்னச் சின்ன ஊர்கள். இன்னும் மேற்கே போனால் செங்கம், ஜவ்வாது மலை.

அழகான பாதைதான். ஆனால் அந்த ஊர்களின் வழியே யார் யார் சைக்கிளில் உட்கார்ந்தபடி போக முடிந்தது என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சாலை. 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடந்துபோவதற்குத் தடை இருக்கக் கூடாது. பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதற்கும் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டு அரசாணையும் வந்தது. அதே 1924-இல்தான் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் தொடங்கியது. மக்கள் வரிப்பணத்தில் போட்ட சாலையில் நடப்பதற்கே ஓர் அரசாணை தேவைப்பட்டது என்றால், அன்றைய தெரு யாருடையதாக இருந்தது என்று புரியும்.

அடுத்தது வண்டி. நடப்பதற்கு ஒரு தடை என்றால், வண்டியில் உட்காருவதற்கு இன்னொரு தடை. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை இரண்டு இடங்களில் பதிவு செய்திருக்கிறார். 1901-இல் சிறுவனாக இருந்த அவரும் குடும்பத்துப் பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கப் போக மாட்டுவண்டி தேடினார்கள். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார் என்பது ஏற்பாடு. 1929-இல் அவர் படித்த வழக்கறிஞர், அரசாங்கக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம் மக்களில் ஒருவர் ஓட்ட, வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கீழே விழுந்து காயமடைந்தார். படிப்பும் பதவியும் வந்த பிறகும் வண்டி விஷயத்தில் சாதி விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சைக்கிள் வருகிறது. சைக்கிளுக்கு வண்டிக்காரர் வேண்டாம், மாடு வேண்டாம், யாருடைய சம்மதமும் வேண்டாம். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் சைக்கிள் கிராமங்களுக்குள் மெல்ல மெல்ல நுழைந்தது. சொந்தமாக வாங்க வழியில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் இருந்தது. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை அது. கூலிக்காரருக்கு சைக்கிள் என்றால் உள்ளூர்ப் பண்ணையை மட்டும் நம்பியிராமல் அடுத்த ஊருக்கும் டவுனுக்கும் வேலைக்குப் போய்வர ஒரு வழி. சேரியில் இருந்து ஒருவர் தன் விருப்பப்படி வெளியே போய் வரலாம் என்பதே பண்ணையாருக்குப் பிரச்சினையாக இருந்தது.

அதனால்தான் தடை வந்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடு, துண்டை இடுப்பில் கட்டு என்ற பழைய விதிகளோடு, ‘சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ’ என்ற புதிய விதியும் சேர்ந்தது. சைக்கிளில் உட்கார்ந்து போகிறவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைவிட உயரத்தில் இருப்பார் என்பதுதான் இதற்குப் பின்னால் இருந்த மொத்தத் தத்துவம். உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்கள். எந்த முனையில் இறங்கினோம், எந்த முனையில் மறுபடி ஏறினோம் என்று அடையாளம் சொல்வார்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1880-இல் தொடங்கப்பட்ட சைக்கிள் ஓட்டிகள் சங்கம், கிராமச் சாலைகளைச் சீராக்க வேண்டும் என்று நாடு முழுக்க இயக்கம் நடத்தியது. அதே சங்கம் 1894-இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி கொண்டுவந்தது. கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் அந்தக் காலத்தில்தான் பந்தயங்களில் இறங்கினார். எதிரிகளின் தள்ளுமுள்ளையும் மிரட்டலையும் தாண்டி, 1899-இல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனார். 1932-இல் வறுமையில் இறந்தார். அந்தச் சங்கம் தன் பழைய நிறவெறி விதியை முறைப்படி கைவிட்டு அறிவித்தது 1999-இல். நல்ல சாலை வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோருக்குமான சாலையைக் கேட்கிறார்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் சைக்கிள் விடுதலைக் கருவியான கதையும் உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்கை எடுத்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்தார். பிறகு 2001-02-இல் தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியது. அது முதலில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காக வந்தது. பின்னர்தான் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இன்று எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் நிற்கும் அந்த சைக்கிள் முதலில் யாருக்காக வந்தது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

சைக்கிளை அரசு கொடுத்தது. தெருவை யார் கொடுப்பது? 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் ஒரு திருத்தம் நிறைவேறி, 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)-இன் ‘இசட் ஏ’ உட்பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ சாலையையும் பாதையையும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம். 21-ஆம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் ‘சைக்கிள்’ என்ற சொல்லைத் தனியே எழுதிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தக் கொடுமை பழங்கதையாகிவிட்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது? 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதை அடைபட்டதால் இறந்தவர் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள் நம் மக்கள். 2023 ஜனவரி 30-இல், இதே திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடுதான் போக முடிந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். சைக்கிளில் தொடங்கிய ஆத்திரம் புல்லட்டில் வந்து நிற்கிறது.

சைக்கிள் சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போங்கள். அடி அண்ணாமலையில் இருந்து கிளம்பி, விடியற்காலையில் ஏரிக்கரை மண்ணில் மிதியுங்கள். ஆனால் வெறும் வேடிக்கை பார்த்துவிட்டு வராதீர்கள். போகிற ஊரில் தார் ரோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். காலனிக்கு முன்னால் முடிகிறதா, காலனியையும் தாண்டிப் போகிறதா? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? ஊர்த்தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் யாராவது கண்ணில் படுகிறாரா? இடம், தேதியோடு எழுதி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியின் சாலைக் கணக்கைக் கேளுங்கள். தடை இருந்தால், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடும் பாதுகாப்போடும் புகார் எழுதத் துணை நில்லுங்கள். புகாரை வாங்க மறுக்கும் அதிகாரி மீதும் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு பாயும் என்பதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

நகரத்திலிருந்து வந்து லட்ச ரூபாய் சைக்கிளில் அந்தத் தெருவைக் கடக்கிறவரை யாரும் நிறுத்துவதில்லை. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் பிறந்த பிள்ளையும் அரசு கொடுத்த சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகும் நாளில்தான் 1924-ஆம் ஆண்டு அரசாணை அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்று பொருள்.

ஜெய்பீம்.